அட்ஜஸ்ட் மா

வக்கீல் மணியம்மை மேசைமேல் கிடந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவித் துளசிங்கத்தின் பக்கம் திருப்பிவைத்தார். கைபேசிச் செய்திகளைப் படமெடுத்து அச்சிட்ட தாள். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினொரு சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் நேரமும். "இதெல்லாம் நீங்க உங்க பொண்ணுக்கு அனுப்பினதுதானே சார்? நல்லா பாத்துச் சொல்லுங்க" என்றார். துளசிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இருபத்தெட்டு வருடம் இங்கிலீஷ் பேப்பர் திருத்திய பழக்கத்தில், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. காற்புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் காற்புள்ளி. முற்றுப்புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி. அப்புறம்தான் அந்த வார்த்தை தெரிந்தது. அட்ஜஸ்ட் மா, எவ்ரிதிங் வில் பி ஆல்ரைட். ப்ளீஸ் அட்ஜஸ்ட், ஹி இஸ் அண்டர் டென்ஷன். லேர்ன் டு அட்ஜஸ்ட், மா. பதினொன்றிலும் இருந்தது.

மகள் அனுராதா ஆவடியில் புருஷன் வீட்டிலிருந்து புறப்பட்டு வந்த அன்றைக்கு அவள் கைபேசியை மாப்பிள்ளை ராஜேஷ் பிடுங்கி வைத்துக்கொண்டான். அதிலிருந்து எடுத்த படங்கள் இவை. அவள் அப்பாவுக்கு எழுதிய செய்திகளையெல்லாம் அழித்துவிட்டு, அப்பா அவளுக்கு எழுதியவற்றை மட்டும் விட்டுவைத்து, அவள் போட்ட குடும்ப வன்முறை வழக்கில் கோர்ட்டில் கொடுத்திருந்தான்.

"அவ உங்களுக்கு என்ன எழுதினான்னு உங்க போன்ல இருக்குமே சார்?" என்று மணியம்மை கேட்டார்.

"இல்லைங்க. போன் மாத்திட்டேன்."

சட்டைப்பையில் அதே பழைய போன் கனத்தது. மணியம்மை தாளைத் திரும்பக் கட்டுக்குள் செருகினார். "வெள்ளிக்கிழமை உங்களைக் குறுக்கு விசாரணை பண்ணுவாங்க. அப்பன்காரனே அட்ஜஸ்ட் பண்ணுன்னு எழுதியிருக்காரு, அப்படின்னா பெருசா ஒண்ணும் நடக்கலைன்னு அவங்க சொல்லப்போறாங்க. அவ அடிபட்ட அன்னிக்கே உங்ககிட்ட சொன்னாளா இல்லையாங்கறது இப்போ உங்க வாயிலதான் இருக்கு. சொன்னான்னு நீங்க சொன்னா கேஸ் நிக்கும் சார். உங்க பேரு நிக்காது. யோசிச்சிக்குங்க" என்றார்.

கே.ஜி.கண்டிகையில் கரும்பு வெட்டப்போன அப்பனுக்கும் அம்மாவுக்கும் பிறந்து, அந்தத் தெருவிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர் துளசிங்கம். இங்கிலீஷ்தான் அவரை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. திருத்தணியில் மூன்று தெரு நடந்தால் நாலு பேராவது "வணக்கம் இங்கிலீஷ் சார்" என்பார்கள். வகுப்பில் ஒரு வினைச்சொல்லை எடுத்தால் அதற்கு எத்தனை அர்த்தம், எங்கிருந்து வந்தது, அதற்கு நிகராக வேறென்ன சொல்லலாம் என்று கரும்பலகை நிறைய எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். ஆனால் இந்த ஒரு சொல்லை அவர் எழுதிப்போட்டதே இல்லை. அது இங்கிலீஷ் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. காலை மின்சார ரயிலில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆள் வந்து நின்று அதைச் சொன்னால், மூன்று பேரும் முகம் சுளித்துக்கொண்டே நகர்ந்து உட்காருவார்கள். அரக்கோணம் வருவதற்குள் நாலு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு சாதாரணமான சொல்.

அனுராதாவின் முதல் போன் கல்யாணமாகி இரண்டாம் மாதம் வந்தது. மாமியார் எல்லாவற்றுக்கும் குறை சொல்கிறாள் என்றாள். அதற்கு அந்தச் சொல் சரியாகத்தான் இருந்தது. எந்த அப்பாவும் அதைத்தான் சொல்வார். அப்புறம் ராஜேஷ் வேலைக்குப் போகக்கூடாது என்கிறான் என்றாள். அதற்கும் அதையே சொன்னார். அப்புறம் சாப்பாட்டுத் தட்டை வீசினான். அப்புறம் கையை முறுக்கினான். அவள் சொல்வது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போனது, இவர் பதில் மட்டும் அந்த அளவிலேயே நின்றது. இதையெல்லாம் மனைவி நிர்மலாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். மகளின் செய்தி வந்ததும் படிப்பார், பதில் எழுதுவார், அவளுடையதை அழித்துவிடுவார். நிர்மலா பேரப்பிள்ளைகளின் படம் பார்க்க அவ்வப்போது அவர் போனை எடுப்பாள். பெரியவன் எழிலனின் பிள்ளைகள் பெங்களூரில் இருந்தார்கள்.

ஒருமுறை அனுராதா பையோடு வந்துவிட்டாள். போன வருடம் ஐப்பசி மாதம், மத்தியானம் இரண்டு மணி. நிர்மலா பொதட்டூர்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அனுராதா கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றாள். "நான் இங்கயே இருந்துக்கறேன் நைனா. ஒரு வேலை தேடிக்கறேன். உனக்கு ஒண்ணும் தொந்தரவு குடுக்க மாட்டேன்" என்றாள். அவர் சோறு போட்டார். மோர் ஊற்றினார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நானே வந்து பேசறேன்" என்றார். அவள் கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் ஆவடி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அங்கே சம்பந்தி அவருக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, "நீங்க படிச்சவரு. உங்களுக்குப் புரியுது" என்றார். அந்த நேரத்தில் துளசிங்கத்துக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அது அவருக்கு இப்போதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறந்துவிடாதா என்று எத்தனையோ தடவை பார்த்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து, பரீட்சை மேற்பார்வைக்காக வகுப்பில் நடந்துகொண்டிருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. மேற்பார்வையில் போனைத் தொடக்கூடாது. வராந்தாவுக்கு வந்து பார்த்தார். 'அவரு அறைஞ்சிட்டாரு நைனா. இடது காது உள்ள வலிக்குது. தண்ணி மாதிரி வருது. நான் வரட்டுமா.' அவர் ஐந்து நிமிடத்துக்குள் பதில் எழுதினார். வக்கீல் காட்டிய தாளில் பதினொன்றாவதாக இருந்தது அதுதான். அட்ஜஸ்ட் மா, ஹி வில் பி சாரி. வார்ம் சம் ஆயில் அண்ட் போர் இட் இன் தி இயர். எழுதிவிட்டு, அவளுடையதை அழித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கூடுதல் விடைத்தாள் கொடுக்க உள்ளே போனார்.

அவள் அப்பா சொன்னபடி எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றிக்கொண்டாள். மூன்று வாரம் கழித்துச் சீழும் காய்ச்சலுமாகத் தானே ரயிலேறி வந்தாள். இந்தத் தடவை நிர்மலா வீட்டில் இருந்தாள். திருவள்ளூரில் காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அடிபட்டதில் காது ஜவ்வு கிழிந்திருக்கிறது, அது தானாகவே மூடியிருக்கும், கிழிந்த வழியாக எண்ணெய் உள்ளே போனதால்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்றார். "யாரும்மா எண்ணெய் ஊத்தச் சொன்னது?" என்று கேட்டார். அனுராதா பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்க்காமல், "யாருமில்ல சார். நானேதான்" என்றாள். அந்தக் காது திரும்பி வரவில்லை.

புதன்கிழமை, உணவு இடைவேளையில் துளசிங்கம் பள்ளிக்கூட நூலகத்துக்குப் போனார். பெரிய அகராதியை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்து, அந்தச் சொல்லைத் தேடி எடுத்தார். எதற்காக என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. எதிர்தரப்பு வக்கீல் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று நினைத்திருக்கலாம். அல்லது தான் சொன்னதற்கு எங்காவது ஒரு நல்ல அர்த்தம் இருக்கிறதா என்று தேடியிருக்கலாம். ஒரு பொருள் சரியாகப் பொருந்தும்படி சிறிது நகர்த்துதல். கழுத்துப்பட்டையை, நாற்காலியை, கண்ணாடியைச் சீராக்குதல். இயந்திரத்தைத் தேவையான அளவுக்குத் திருகிவைத்தல். காப்பீட்டு நிறுவனம் இழப்பைத் தீர்த்துவைத்தல். புதிய சூழலுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளுதல். நிகர்ச்சொற்கள் ஒரு பத்தி முழுக்க இருந்தன. தமிழில் இவற்றுக்கு என்ன சொல்லலாம் என்று வழக்கம்போல மனசுக்குள் எழுதிப்பார்த்தார். அனுசரித்துப் போ. ஒத்துப் போ. விட்டுக்கொடு. பொறுத்துக்கொள். சமாளி. எழுத எழுத, ஒவ்வொன்றையும் யார் யாரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறோம் என்று யோசித்தார். ஆண்பிள்ளையிடம் சொன்னதாக அதிகம் நினைவில்லை. அடியில் சின்ன எழுத்தில் சொல்லின் பிறப்பு போட்டிருந்தது. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மூல அர்த்தம் அருகே கொண்டுவருதல், பக்கத்தில் சேர்த்தல். நீதி என்ற அர்த்தமுள்ள வேறொரு சொல்லோடு உருவம் ஒத்திருந்ததால், பிற்காலத்தில் சரியாக்குதல் என்ற பொருள் அதன்மேல் ஏறிக்கொண்டதாம். அருகே கொண்டுவருதல். அவர் அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். வாசலில் பையோடு நின்றவளின் முகம் அந்த வரிமேல் வந்து நின்றது.

அன்று சாயங்காலம் அனுராதா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பஜார் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். வந்ததும் வீட்டு வேலை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தாள். அப்பாவிடம் தேவையானதைப் பேசுவாள். சாப்பிட வா என்பாள். மாத்திரை போட்டியா என்பாள். ஒருநாளும் ஒரு பழிச்சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். "அனு. நான் வக்கீலம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். போனு மாத்தல. நீ அனுப்பினதெல்லாம் நானே அழிச்சிட்டேம்மா." அவள் ஒரு போர்வையை உதறி மடித்தாள். அடுத்தது ஒரு புடவை. திரும்பவில்லை. தான் நிற்பது அவளுடைய இடது பக்கம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா? சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் துணிக்குவியலை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப்போனாள். போகும்போது, "இருட்டிக்கினு வருது நைனா, கீழ வா" என்றாள்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கூட்டம். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாளே இருந்ததால் ஊருக்குள் இப்போதே காவடிகள் வந்துகொண்டிருந்தன. திறந்த ஜன்னல் வழியாகப் பம்பைச் சத்தம் உள்ளே வந்தது. துளசிங்கம் கூண்டில் ஏறி நின்றார். சுவரோரப் பெஞ்சில் நிர்மலாவும் அனுராதாவும் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்குமேல் ஒரு பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றியது. இரண்டு பெஞ்சு தள்ளி ராஜேஷ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், வெள்ளைச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு. பார்த்தால் யாருக்கும் நல்ல பையன் என்றுதான் தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

எதிர்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "ஐயா இங்கிலீஷ் ஆசிரியர். என் தம்பிகூட உங்ககிட்ட படிச்சவன்தான். இந்தத் தாள்ல இருக்கறதெல்லாம் நீங்க அனுப்பினதா?"

"ஆங். நான் அனுப்பினதுதாங்க."

"பதினோரு தடவை ஒரே வார்த்தை எழுதியிருக்கீங்க. அட்ஜஸ்ட். அதுக்கு அர்த்தம் என்னங்கய்யா?"

"சரிப்படுத்தறது. பொருந்தறாப்பல கொஞ்சம் நகத்தறது."

"கொஞ்சம். அப்போ பெரிய கொடுமைக்கெல்லாம் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டாங்க. இல்லீங்களா?"

துளசிங்கம் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "அதோட மூலம் வேறங்க. லத்தீன்ல கிட்ட கொண்டுவரதுன்னு அர்த்தம்."

வக்கீல் சிரித்தார். இரண்டொருவர் கூடச் சிரித்தார்கள். "நல்லதாப்போச்சு. புருஷன் பொண்டாட்டி கிட்ட கிட்ட இருக்கணும்னு சொல்லியிருக்கீங்க. நல்ல தகப்பன் சொல்றதுதான். சரி. காதுல எண்ணெய் ஊத்தச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

பெஞ்சில் நிர்மலா நிமிர்ந்தாள்.

"எண்ணெயாலதான் காது போச்சுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. அப்போ உங்க பொண்ணு காது போனதுக்கு யாரு காரணம்? சாதாரணமா காது வலின்னு அவ சொல்லியிருக்கணும், நீங்களும் கைவைத்தியம் சொல்லியிருக்கீங்க. அவ்வளவுதானே நடந்தது?"

ஆங் என்று சொன்னால் போதும். இறங்கிப் போய்விடலாம். அறியாமல் செய்த அப்பன் என்று ஊர் ரெண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடும். துளசிங்கம் வாயைத் திறந்தார். இருமினார். மணியம்மை தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் வேண்டாமென்று தலையை அசைத்தார்.

"இல்லைங்க. காது வலின்னு எழுதல. அவரு அறைஞ்சிட்டாருன்னு எழுதினா. தண்ணி மாதிரி வருதுன்னு எழுதினா. நான் வரட்டுமான்னு கேட்டா. எனக்கு எல்லாம் தெரியும். அதுக்கு முன்னாடி கைய முறுக்கினது, தட்டை வீசினது, எல்லாம் அப்பப்ப சொல்லிக்கினுதான் இருந்தா. நான் படிச்சிட்டு அழிச்சிட்டேன். போன் மாத்திட்டேன்னு எங்க வக்கீலம்மாகிட்ட சொன்னது பொய்யிங்க. இந்தப் போன்தான்."

வக்கீலின் குரல் மாறியது. "தெரிஞ்சுமா அட்ஜஸ்ட் பண்ணுன்னு எழுதினீங்க? இதை யாருங்கய்யா நம்புவாங்க? இங்கிலீஷ் ஆசிரியருக்கு வார்த்தையோட அர்த்தம் தெரியாதா?"

"நான் சொன்ன அர்த்தம் அகராதியில இல்லைங்க" என்றார் துளசிங்கம். குரல் வெகுவாகத் தணிந்திருந்தது. "வீட்டுக்கு வராதேன்னு சொன்னேன். பெத்த பொண்ணுகிட்ட அதை நம்ம பாஷையில சொல்ல வாய் வரல. அதனால அந்த வார்த்தையைச் சொன்னேன். பதினோரு தடவையும் அதைத்தான் சொன்னேன். அவளுக்கு நல்லா புரிஞ்சிருந்தது. அதான் அன்னிக்கு வரல."

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் நிர்மலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாஜிஸ்திரேட் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு தட்டச்சு செய்பவரிடம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். 'மேற்படி சொல்லை, என் மகள் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம் என்ற பொருளிலேயே எழுதினேன்.' விசைகள் தடதடத்தன. கொஞ்ச நேரத்தில் தாளை நீட்டினார்கள். துளசிங்கம் படித்துப் பார்த்தார். பிழையில்லாமல் இருந்தது. கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்தார்கள்.

வெளியே வந்தபோது நிர்மலா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், "அப்போ ஐப்பசியில அவ வந்தாளா? நான் தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தப்ப?" என்று கேட்டாள். கோர்ட்டில் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எதை வைத்து அவளுக்குத் தெரிந்ததோ. சோற்றுப்பானையில் குறைந்திருந்ததோ, ஒரு தட்டு கூடுதலாகக் கழுவிக் கவிழ்த்திருந்ததோ, அன்றைக்குப் புரியாதது இன்றைக்குப் புரிந்திருக்கும்.

"ஆங்" என்றார்.

"சோறாவது போட்டியாய்யா?"

இருபத்தொன்பது வருடத்தில் அவள் அவரை அப்படிப் பேசியதில்லை. "போட்டேன்" என்றார். நிர்மலா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டாள். மகளைக் கூப்பிடவில்லை, அவரையும் கூப்பிடவில்லை. ஆட்டோ காவடிக் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தது.

அவரும் அனுராதாவும் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். தெருவெல்லாம் மஞ்சள் துணியும் புஷ்பக் காவடியும். திருப்பதி பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே ஊர்ந்தது. ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ரோட்டோரம் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டது. அனுராதா கொஞ்சம் முன்னால் நடந்தாள். கம்ப்யூட்டர் மையத்துக்கு அரைநாள்தான் விடுப்புச் சொல்லியிருந்தாள். எதிரே ஒரு பெரிய காவடிக்கூட்டம் வர, இருவரும் மூடிக்கிடந்த ஒரு கடையின் படிமேல் ஏறி ஒதுங்கினார்கள். பம்பைக்காரர்கள் இரண்டு முழம் தள்ளி நின்று அடித்தார்கள். படிக்கட்டு அதிர்ந்தது.

அவள் எதிர்ப்பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "கடைசியா அந்த வக்கீலுகிட்ட இன்னாவோ சொன்னியே நைனா. ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அம்மா ஏன் அழுதுச்சி?"

இவளுக்குக் கேட்கவில்லை. கோர்ட்டுக்கே கேட்டது, தட்டச்சு செய்து கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது, இவளுக்குக் கேட்கவில்லை. துளசிங்கம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் தலையை அசைத்து, உதட்டைப் பார்த்து, "இன்னா?" என்றாள். அவர் நின்றது மறுபடியும் இடது பக்கம். கடைப்படி குறுகலாக இருந்தது. அவர் சுவரோடு ஒட்டி, அவளுடைய முதுகுப்பக்கமாக, ஒரு காலைத் தூக்கி வைத்துச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்தார். செருப்பு ஒன்று நழுவிக் கீழே கூட்டத்துக்குள் விழுந்தது. அவர் குனியவில்லை.

அனுராதா காதுமேல் விழுந்திருந்த முடியை விரலால் ஒதுக்கினாள். கொஞ்சம் சாய்ந்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, கண்ணைத் தெருவிலேயே வைத்தபடி காத்திருந்தாள்.